வேற்றுலகச் சிக்னல் வந்தால் எப்படித் தெரியும்? கேள்வி பதில்

கேள்வி: சார், நேரடியாகவே கேட்கிறேன். பூமிக்கு வெளியே அறிவுள்ள உயிர் இருக்கா, இல்லையா?

பதில்: இருக்கிறது என்பதற்கு இதுவரை ஒரு சான்றும் கிடைக்கவில்லை. இல்லை என்று சொல்லும் அளவுக்கு நாம் தேடவும் இல்லை. 2018-ல் அமெரிக்க வானியலாளர் ஜேசன் ரைட் குழுவினர் இதற்கு ஒரு கணக்குப் போட்டார்கள். திசை, தூரம், அதிர்வெண், சிக்னலின் வலு, அது திரும்ப வரும் இடைவெளி எல்லாவற்றையும் சேர்த்து, தேட வேண்டிய மொத்தத்தைப் பூமியின் கடல்நீர் முழுவதும் என்று வைத்துக்கொண்டால், தேடி முடித்தது சுமார் 7,700 லிட்டர், ஒரு சின்ன நீச்சல் குளத்துத் தண்ணீர். ஆகவே 'இருக்கா' என்பதைவிட, 'எவ்வளவு வலுவான சிக்னல், எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தால் நம்மிடம் மாட்டியிருக்கும்' என்று கேளுங்கள். அதற்கு எண்களோடு பதில் சொல்லலாம்.

கேள்வி: வேற்றுலக நாகரிகங்களின் எண்ணிக்கையைக் கணக்கிடும் டிரேக் சமன்பாட்டில் எதைப் போட்டாலும் ஒரு விடை வருகிறதே, அதனால் என்ன பயன்?

பதில்: விடைக்காக அதைப் போடாதீர்கள். எந்த எண் தெரியும், எது தெரியாது என்று பிரித்துப் பார்க்கத்தான் வானியலாளர் பிராங்க் டிரேக் 1961-ல் அதை எழுதினார். நம் பால்வீதியில் ஆண்டுக்குச் சுமார் 2 விண்மீன்கள் பிறக்கின்றன. கிட்டத்தட்ட எல்லா விண்மீனுக்கும் கோள் உண்டு. வேறு விண்மீன்களின் கோள்களைத் தேடிய கெப்ளர் விண்கலம் வந்த பிறகு இதில் பெரிய சந்தேகம் இல்லை. ஐந்தில் ஒன்றுக்கு மிதமான வெப்பமுள்ள பாறைக்கோள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உயிர் தோன்றுவது, அறிவு வளர்வது, ரேடியோ கண்டுபிடிப்பது ஆகிய மூன்றுக்கும் நம்மிடம் இருப்பது பூமி என்ற ஒரே உதாரணம். தாராளமாக மூன்றுக்குமே 1 போடுங்கள். 2 × 1 × 0.2 × 1 × 1 × 1 × ஆயுள். அதாவது நாகரிகங்களின் எண்ணிக்கை 0.4 × ஆயுள்.

இனி சுவாரசியமான இடம். ஒரு நாகரிகம் ரேடியோவோடு 100 ஆண்டு நீடித்தால், ஒரே சமயத்தில் 40 இருக்கும். பால்வீதியின் தட்டு சுமார் 50,000 ஒளியாண்டு ஆரம் கொண்டது. அந்தப் பரப்பை 40-ஆல் வகுத்தால் அடுத்த வீடு ஏறத்தாழ 14,000 ஒளியாண்டுக்கு அப்பால். 100 ஆண்டு வாழ்பவர் அனுப்பியது அங்கே போய்ச் சேரும்போது அனுப்பியவர் இருக்கமாட்டார். ஒரு கேள்வி போய் ஒரு பதில் திரும்பி வர வேண்டுமென்றால், இதே தாராளக் கணக்கிலும் ஆயுள் சுமார் 4,300 ஆண்டு இருக்க வேண்டும். அப்போது எண்ணிக்கை 1,700, இடைவெளி 2,150 ஒளியாண்டு. 'எல்லாரும் எங்கே?' என்று 1950-ல் இயற்பியலாளர் என்ரிகோ பெர்மி கேட்டதற்கு, ரேடியோவைப் பொறுத்தவரை இது ஒரு நேர்மையான பாதிப் பதில் என்பது என் கருத்து.

கேள்வி: ஏன் எல்லாரும் 1420 மெகாஹெர்ட்ஸையே சொல்கிறார்கள்?

பதில்: நடுநிலை ஹைட்ரஜன் அணு தானாக உமிழும் அதிர்வெண் 1420.4 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 21 சென்டிமீட்டர். எந்த உலகத்து வானியலாளரும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று இயற்பியலாளர்கள் கோக்கோனியும் மாரிசனும் 1959-ல் எழுதினார்கள். அந்தப் பகுதியில் வான இரைச்சலும் குறைவு. 1960-ல் டிரேக் அமெரிக்காவின் கிரீன் பேங்க் வானாய்வகத்தில் 26 மீட்டர் தட்டை டௌ செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரண்டு விண்மீன்கள் பக்கம் திருப்பித் தேடியதும் இதே அதிர்வெண்ணில்தான். இன்றைய கருவிகள் கோடிக்கணக்கான சேனல்களை ஒரே நேரத்தில் பார்ப்பதால் ஒரே எண்ணைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

கேள்வி: சிக்னல் நம் ஊர் செல்போன் டவரிலிருந்து வரவில்லை, விண்மீனிலிருந்து வந்தது என்று எப்படி உறுதி செய்வார்கள்? படிப்படியாகச் சொல்லுங்கள்.

பதில்: இந்தத் துறையின் முக்கால்வாசி உழைப்பு இதற்கே போகிறது.

முதலில் அகலம். இயற்கையில் வரும் மிகக் குறுகிய மேசர் கோடுகளே (விண்வெளி வாயு மேகங்கள் லேசர் போல உமிழும் ரேடியோ அலைகள்) சில நூறு ஹெர்ட்ஸ் அகலம் உள்ளவை. அதனால் சுமார் 3 ஹெர்ட்ஸ் சேனல்களாகப் பிரித்துத் தேடுவார்கள். அவ்வளவு குறுகலாக ஒன்று தெரிந்தால் அது செயற்கை. யாருடைய செயற்கை என்பதுதான் அடுத்த கேள்வி.

அடுத்து அதிர்வெண் நகர்வு. பூமி சுற்றுவதால், வெளியிலிருந்து நிலையாக வரும் 1420 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் வினாடிக்கு அதிகபட்சம் 0.16 ஹெர்ட்ஸ் நகரும். அனுப்பும் கோளின் சுழற்சியும் இதோடு சேரும். 5 நிமிடத்தில் 48 ஹெர்ட்ஸ், அதாவது 16 சேனல்களைத் தாண்டும். நகர்வைத் திருத்தாமல் கூட்டினால் வலு அத்தனை சேனல்களிலும் சிதறி இரைச்சலுக்குள் போய்விடும். எனவே பல நகர்வு வேகங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். நகராமல் நிற்பது பெரும்பாலும் நம் தரையிலுள்ள கருவி.

மூன்றாவது, திருப்பிப் பார்த்தல். விண்மீனை 5 நிமிடம், பக்கத்து வானத்தை 5 நிமிடம், இப்படி மாறி மாறி ஆறு முறை. விண்மீனைப் பார்த்த மூன்று முறையும் இருந்து, விலகிய மூன்று முறையும் இல்லாமல் போனால்தான் பட்டியலில் ஏறும்.

இத்தனையையும் தாண்டி ஒன்று வந்தது. 2019 ஏப்ரல்-மே மாதங்களில் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் 64 மீட்டர் தொலைநோக்கி சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்ஸிமா சென்டாரியைப் பார்த்தபோது, 982.002 மெகாஹெர்ட்ஸில் மணிக்கணக்கில் நீடித்த ஒரு குறுகிய சிக்னல். பிஎல்சி-1 என்று பெயர் வைத்தார்கள். நகர்வும் இருந்தது, விலகினால் மறைந்தது. பிறகு முழுத் தரவையும் கிளறியபோது, இதே போல நகரும் சிக்னல்கள் வேறு அதிர்வெண்களிலும் டஜன் கணக்கில் கிடைத்தன. அவற்றில் சில, தொலைநோக்கி விலகியிருந்தபோதும் தெரிந்தன. இடைவெளிகள் மின்னணுக் கருவிகளின் கடிகார ஆஸிலேட்டர் (சீரான துடிப்பு தரும் பகுதி) அதிர்வெண்களோடு பொருந்தின. இரண்டு மூன்று அலைகள் ஒரு கருவிக்குள் கலந்து பிறந்த போலி அது என்று 2021-ல் முடிவு வெளியானது. பிஎல்சி-1 வலு குறைந்திருந்ததால், விலகிய 5 நிமிடங்களில் தற்செயலாகக் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. வலு குறைந்த குறுக்கீடு மூன்றாவது சோதனையை ஏமாற்றிவிடும் என்பது இதில் கற்ற பாடம். இதே பார்க்ஸில் பல ஆண்டுகள் குழப்பிய வேறு வகைத் துடிப்புகள், சமையலறை மைக்ரோவேவ் அவனை ஓடும்போதே கதவு திறந்ததால் வந்தவை என்று 2015-ல் கண்டுபிடித்தார்கள்.

கேள்வி: 1977 'வாவ்' சிக்னல்?

பதில்: ஆகஸ்ட் 15, அமெரிக்காவின் ஒகையோவில் இருந்த பிக் இயர் ரேடியோ தொலைநோக்கி, 72 வினாடி நீடித்த ஒரு சிக்னல். வானத்தில் நிலையான ஒரு புள்ளி அந்தத் தொலைநோக்கியின் பார்வையைக் கடக்க ஆகும் நேரமும் அதே 72 வினாடி, ஏறி இறங்கிய வடிவமும் சரி. ஆனால் அந்தத் தொலைநோக்கியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஹார்ன்கள் (அலையை வாங்கும் குழல்கள்) இருந்தன. சில நிமிட இடைவெளியில் இரண்டிலும் விழ வேண்டியது, ஒன்றில் மட்டும் விழுந்தது. பலர் திரும்பத் திரும்பத் தேடியும் வரவில்லை. சேனல் அகலம் 10 கிலோஹெர்ட்ஸ் என்பதால் உள்ளே எவ்வளவு குறுகலாக இருந்தது என்பதும் தெரியாது. திரும்ப வராத ஒன்றை எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கேள்வி: நம் டிவி ஒளிபரப்பை அவர்கள் பார்த்திருப்பார்களா?

பதில்: நம் அளவு கருவி அவர்களிடம் இருந்தால், இல்லை. 2017-ல் வெளியான கிரீன் பேங்க் தேடல் 692 விண்மீன்களைப் பார்த்தது. சுமார் 160 ஒளியாண்டு தூரத்திலிருந்து 10 லட்சம் கோடி வாட்டுக்குச் சமமான வலுவில் நம்மை நோக்கி வந்தால் பிடிக்கும் திறன். போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ தொலைநோக்கியின் ராடார் ஒரு திசையில் குவித்து அனுப்பியது இந்த அளவு. எதுவும் சிக்கவில்லை. இப்போது ஒரு 10 லட்சம் வாட் டிவி டிரான்ஸ்மிட்டரை எடுங்கள். வலு ஒரு கோடி மடங்கு குறைவு. கேட்பவர் 4.24 ஒளியாண்டில் பிராக்ஸிமாவில் இருந்தால் தூரம் 38 மடங்கு குறைகிறது, கிடைக்கும் வலு சுமார் 1,500 மடங்கு கூடுகிறது. அப்படியும் 6,700 மடங்கு போதவில்லை.

கேள்வி: நம்ம ஊட்டி ரேடியோ தொலைநோக்கியில் 1420-ல் தேட முடியாதா?

பதில்: முடியாது. 1970-ல் கோவிந்த் ஸ்வரூப் குழு கட்டிய அந்த 530 மீட்டர் நீள உருளை, 327 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பட்டைக்கானது. ஊட்டியின் அட்சரேகைக்குச் சமமான 11 டிகிரி மலைச்சரிவில் அதை வைத்திருப்பதால் ஒரே அச்சில் திருப்பினால் போதும், விண்மீனோடு மணிக்கணக்கில் போகும். அருமையான வடிவமைப்பு. 1420-க்கு இந்தியாவில் புனே அருகே ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது, 45 மீட்டர் தட்டுகள் 30.

கேள்வி: அண்ணா, நான் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. மொட்டை மாடியில் 1420 கேட்க என்ன வாங்கணும்?

பதில்: வேற்றுலகச் சிக்னல் இதில் மாட்டாது தம்பி. ஹைட்ரஜன் கோடு கட்டாயம் மாட்டும், தேடலின் எல்லாப் படிகளும் கைக்கு வரும். பழைய கேபிள் டிவிக்காரர்களிடம் 6 அடி சி-பேண்ட் டிஷ் கேளுங்கள். வலைத் தட்டும் சரி, ஓட்டை 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் போதும். பார்வை அகலம் 8 டிகிரி வரும். எல்என்பி (டிஷ்ஷின் குவியத்தில் சிக்னலை வாங்கும் பெட்டி) இருந்த இடத்தில், 16 செ.மீ விட்டமும் 25 செ.மீக்குக் குறையாத நீளமும் உள்ள ஒரு தகர டின்னின் வாய் வர வேண்டும். மூடிய அடியிலிருந்து 8.3 செ.மீ தள்ளி துளையிட்டு, கனெக்டரில் 5 செ.மீ செம்புக் கம்பியைப் பற்றவைத்து உள்ளே நீட்டுங்கள். கனெக்டரை ஒட்டியே 1420-க்கான வடிகட்டியுள்ள எல்என்ஏ (இரைச்சல் குறைந்த பெருக்கி), பிறகு கேபிள், கடைசியில் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (கம்ப்யூட்டர் யுஎஸ்பியில் செருகும் ரேடியோ ரிசீவர்). எல்என்ஏவைக் கம்ப்யூட்டர் பக்கம் வைத்தால் கேபிள் இழப்பே சிக்னலைத் தின்றுவிடும்.

டாங்கிளை 1420.0-ல் நிறுத்தி வினாடிக்கு 24 லட்சம் சாம்பிள் எடுங்கள். நடுவில் எப்போதும் வரும் போலி முனை 1420.4 மீது விழாது. 5 நிமிடம் சராசரி எடுத்து, பால்வீதியை விட்டு விலகிய வானத்தில் அதே 5 நிமிடம் எடுத்து, இரண்டாவதால் முதலாவதை வகுங்கள். ஜூலை இரவுகளில் தனுசு ராசிப் பக்கம் தெற்கே சுமார் 50 டிகிரி உயரத்தில் நல்ல இலக்கு.

கேள்வி: அப்படியே செய்தேன் சார், கோடே தெரியலை. எங்கே தப்பு?

பதில்: முதலில் எல்என்ஏவுக்கு மின்சாரம் போகிறதா என்று பாருங்கள். டாங்கிளின் பயஸ்-டீயை (கேபிள் வழியே எல்என்ஏவுக்கு மின்சாரம் தரும் வசதி) சாஃப்ட்வேரில் ஆன் செய்யாமல் விடுவதே அதிகம் நடக்கும் தவறு. ஆன் செய்ததும் இரைச்சல் தளம் தெளிவாக எழ வேண்டும். எழுந்தால், டிஷ்ஷைத் தரைப் பக்கம் திருப்புங்கள். வானத்தைவிடத் தரை சூடு, தளம் இன்னும் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் டின்னிலோ கனெக்டர் பற்றவைப்பிலோ கோளாறு. ஏறியும் கோடு இல்லை என்றால் டாங்கிளின் கெயினைக் (பெருக்கும் அளவை) குறையுங்கள். பக்கத்து டவர் டாங்கிளைத் திணறடிக்கும்போது மெல்லிய மேடு முதலில் மறையும். ஊசி போல நிறைய முனைகள் வந்தால் வீட்டு எல்இடி பல்புகளையும் லேப்டாப் சார்ஜரையும் அணைத்துவிட்டு, பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நீங்கள் தேடுவது ஊசி அல்ல, சில நூறு கிலோஹெர்ட்ஸ் அகல மேடு. டிஷ்ஷை விலக்கினால் அது தாழ வேண்டும். தாழாவிட்டால் அது உங்கள் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது.