ராணுவ உடையில் ஒரு சிம்பொனி

அன்புள்ள ஐயா,

ஆங்கில இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸின் ஐந்தாம் சிம்பொனி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அதைக் கேட்டேன். முடிந்ததும் எட்மண்ட் ரப்ராவின் நான்காம் சிம்பொனி தானாக ஓடத் தொடங்கியது. அந்தப் பெயரையே நான் கேள்விப்பட்டதில்லை. 1942ல் எழுதியது என்று போட்டிருந்தது. போர் நடக்கும் நாட்டில் எழுதிய இசையில் போரின் சத்தமே இல்லையே? எனக்குக் கேட்கத் தெரியவில்லையா?

அன்புடன்,
சு.

அன்புள்ள சு.,

உங்கள் காதில் குறை ஒன்றும் இல்லை. நீங்கள் தேடும் சத்தம் அதில் கிடையாது.

ஆனால் அது முதலில் ஒலித்த மேடையில் போர் இருந்தது. ரப்ராவும் ஆங்கில இசையமைப்பாளர்தான்; இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1941ல், அவரை ராணுவத்துக்கு அழைத்துக்கொண்டார்கள். 1942 ஆகஸ்ட் 14 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், ‘ப்ராம்ஸ்’ (Proms) என்ற கோடைகால இசைவிழாவில், பிபிசி இசைக்குழுவை அவரே நடத்தினார், சிப்பாய் உடுப்போடு. ப்ராம்ஸ் அந்த அரங்குக்கு வந்ததே போரால்தான். அதன் பழைய வீடான குயின்ஸ் ஹால் 1941 மே மாதக் குண்டுவீச்சில் எரிந்துபோயிருந்தது.

ஆறு வாரம் முன்பு, ஜூன் 29 அன்று, இதே அரங்கில் ஹென்றி வுட், ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் லெனின்கிராட் சிம்பொனியை நடத்தினார். அதில் சிறு முரசோடு படை நெருங்கி வருவது நேராகவே கேட்கும். நம் மனம் போர்க்கால இசை என்றால் அதைத்தான் எதிர்பார்க்கிறது. ரப்ராவின் வழி வேறு. ஒரே மெட்டை எடுத்து, அதிலிருந்தே அடுத்ததை முளைக்க வைப்பார்.

தொடக்கத்தை மறுபடி கேளுங்கள். ஒரே ஸ்வரக்கூட்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்), தாளத்துக்குச் சற்றுத் தள்ளி, நாடித் துடிப்புபோலத் திரும்பத் திரும்ப வரும். அந்தக் கூட்டில், அடுத்த ஸ்வரத்துக்கு இறங்கத் துடிக்கிற ஏழாம் ஸ்வரத்தை அவர் கொண்டுபோய் எல்லாவற்றுக்கும் அடியில் வைத்திருக்கிறார். அதனால் கால் ஊன்ற இடமில்லை. அதன்மேல்தான் நீண்ட மெட்டு நகர்கிறது, அவசரமே இல்லாமல். எனக்கு அது காத்திருத்தலாகக் கேட்கிறது. இந்தச் சில நிமிடங்களுக்காகவே இந்த சிம்பொனியை எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்பேன். நடுப்பகுதி இதமான சிறு இடைவேளை, அவ்வளவுதான். கடைசிப் பகுதி மெதுவாக, கனத்த மனத்தோடு ஆரம்பித்து கம்பீரமாக எழும்.

அப்புறம், அவரே சொன்ன ஒரு நினைவு. சின்ன வயதில் ஒரு குளிர்காலக் காலையில் விழித்தபோது அறையில் வெளிச்சம் இடம் மாறிக் கிடந்ததாம். இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. ஒளி தரையிலிருந்து எழும்பி வந்தது. மெட்டுகளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதில் தனக்குள்ள ஆசையை அவர் அந்தக் காலையோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

மொத்தம் 11 சிம்பொனி எழுதியவர், 1986ல் இறந்தார். இன்றும் கச்சேரிகளில் அபூர்வமாகத்தான் வாசிக்கிறார்கள். எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு. நல்லவேளை, ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. முதலில் நார்மன் டெல் மார் நடத்தியது, பிறகு ரிச்சர்ட் ஹிக்காக்ஸ். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு மேலே போகும் மெட்டை விட்டுவிடுங்கள். அடியில் இருக்கும் அந்த ஸ்வரம் எப்போது இறங்குகிறது என்று மட்டும் கவனியுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.