சாஃப்ட்வேர் 8ஏன்னு சொல்லுது, காது இல்லைங்குது: டிஜே கேள்வி பதில்

கேள்வி: ரெண்டு ஹவுஸ் (ஒரு வகை டான்ஸ் இசை) ட்ராக், ரெண்டுக்குமே கீ, அதாவது சுருதி, 8ஏன்னுதான் டிஜே சாஃப்ட்வேர் காட்டுது. ஒண்ணு 120 பிபிஎம் (நிமிஷத்துக்கு 120 பீட்), இன்னொண்ணு 127. மெதுவானத ஏத்தி மிக்ஸ் பண்ணா நாராசமா இருக்கு. சாஃப்ட்வேர் தப்பா காட்டுதா? (வாசகர், கோவை)

சாஃப்ட்வேர் அப்பப்ப தப்பா காட்டும்தான், ஆனா இந்த தடவ அதைத் திட்டாதீங்க, வினையே அந்த 120, 127லதான் இருக்கு. 120ஐ 127க்கு தள்ளுனா கிட்டத்தட்ட 6% ஏத்துறீங்க, கீ லாக் (ஸ்பீடு மாறுனாலும் சுருதிய பிடிச்சு வைக்கிற பட்டன்) போடாம ஸ்பீட ஏத்துனா சுருதியும் கூடவே ஏறும், 6%ன்னா கிட்டத்தட்ட அரை கட்டை. 8ஏங்குறது ஏ மைனர், நம்ம ஆர்மோனியக் கணக்குல ஆறு கட்டை. நீங்க ஏத்துனதும் அது ஆறரை கட்டைக்குப் போயிடுச்சு, அதாவது பி ஃப்ளாட் மைனர், கேம்லாட் சக்கரத்துல (கீக்கெல்லாம் 1லேர்ந்து 12 வரை நம்பர் குடுத்து, மைனருக்கு ஏ, மேஜருக்கு பி போட்ட வட்டம்) 3ஏ. பெட்டி ஆறுல வாசிக்குது, பாடுறவரு ஆறரைல பாடுறாரு, கச்சேரி எப்படி இருக்கும்? அதான் கேட்டிருக்கீங்க.

கீ லாக்க (சில ப்ளேயர்ல மாஸ்டர் டெம்போன்னு இருக்கும்) போட்டா சுருதி நகராது. ஆனா 6% அளவுக்கு இழுத்தா கிக்கோட (பெரிய ட்ரம்மோட) அந்த அடி கொஞ்சம் மழுங்குது, குரல் வாய்க்குள்ள தண்ணி வச்சு பாடுற மாதிரி ஆயிடுது, எனக்கு பிடிக்கல. நான் பெரும்பாலும் ரெண்டு பிபிஎம் வித்தியாசத்துக்குள்ளதான் அடுத்த ட்ராக்க எடுப்பேன், 124லேர்ந்து 126ன்னா சுருதி அரை கட்டைல கால்வாசிக்கு கொஞ்சம் மேலதான் நகரும், பேஸ் ரொம்ப நேரம் மோதாட்டி ஆடுறவங்க யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. இன்னொரு குறும்பு வழியும் இருக்கு: கீ லாக்க எடுத்துட்டு, 120ல இருக்குற ஒரு 1ஏ ட்ராக்க 127க்கு ஏத்துங்க, அது தானா 8ஏல வந்து உக்காரும். அரை கட்டை ஏறுனா சக்கரத்துல ஏழு நம்பர் கூட்டிக்கணும், 12 தாண்டுனா மறுபடி 1லேர்ந்து எண்ணணும், அவ்ளோதான் கணக்கு.

கேள்வி: 8ஏலேர்ந்து 9ஏ போகலாம்னு சொல்றாங்களே, ஏன்? (வாசகி, திருச்சி)

ஒரு நம்பர் நகர்றதுன்னா ச-லேர்ந்து ப-வுக்கு போறது. ஏழு ஸ்வரத்துல ஆறு பொது, ஒண்ணே ஒண்ணுதான் மாறும். 7ஏக்கும் அதே கதைதான், 8பிக்கு (சி மேஜர்) போனா ஏழும் பொது.

கேள்வி: சிங்க் பட்டன் (ரெண்டு ட்ராக்கோட ஸ்பீடையும் பீட்டையும் தானா சேத்து வைக்கிறது) அமுக்குறது ஏமாத்து வேலையா? (வாசகர், மதுரை)

இல்லைங்க, ஆனா அது இல்லாம ஒரு மாசம் பழகிட்டு அப்புறம் அமுக்குங்க. 124, 125னு ரெண்டு ட்ராக்க ஒண்ணா ஓட விட்டுப் பாருங்க, அரை நிமிஷத்துல ஒண்ணோட கிக் இன்னொண்ணோட கிக்குக்கு நட்டநடுவுல விழும், ஷூவ ட்ரையர்ல போட்ட மாதிரி தடதடன்னு. அந்த சத்தம் ஆரம்பிக்கிறப்பவே காது கண்டுபிடிச்சு, கை ஜாக் வீல (ட்ராக்க முன்ன பின்ன நகர்த்துற வட்டத் தட்ட) லேசா தள்ளணும். ஹவுஸ்ல ட்ரம் மெஷின்தான், ஸ்பீடு ஆடாது, சிங்க் நல்லாவே வேலை செய்யும். பழைய டிஸ்கோல ஆள் உக்காந்து ட்ரம் வாசிச்சிருப்பாரு, ஸ்பீடு ஏறி இறங்கும், அங்க சிங்க் காலை வாரிடும். 1977ல சிகாகோ வேர்ஹவுஸ் கிளப்ல டிஜே ஃப்ராங்கி நக்கிள்ஸ் வாசிக்க ஆரம்பிச்சப்ப போட்டதெல்லாம் அந்த மாதிரி ரெக்கார்டுதான், மனுஷன் கையாலயே சமாளிச்சிருக்காரு!

கேள்வி: கீ பாக்காமலே மிக்ஸ் பண்ணலாமா? (வாசகர், சேலம்)

தாராளமா. வெறும் ட்ரம் ஓடுற இன்ட்ரோவுக்கு கீயெல்லாம் பெருசா இல்ல, 32 பீட் எண்ணி உள்ள விடுங்க. பேஸ்லைன் வர்றப்ப மட்டும் உஷார், பழைய ட்ராக்கோட லோ நாப (பேஸ் சத்தத்த கூட்டிக் குறைக்கிற திருகு) மூடிட்டு அப்புறம் புதுசோடத திறங்க, ரெண்டும் திறந்திருந்தா ஒரே கீயா இருந்தாலும் சேறாத்தான் கேக்கும்.