டெல்லி மாநாட்டுக்கு பாஸ் வேண்டாம், டிக்கெட்டில் யார் நம்பர் என்று பாருங்கள்

கேள்வி: 2023 செப்டம்பர் 7, வியாழன் இரவு பாலக்காட்டில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறி, 9-ம் தேதி சனிக்கிழமை நியூ டெல்லியில் இறங்குகிறோம். 11-ம் தேதி திங்கட்கிழமை அப்பாவுக்கு எய்ம்ஸில் அப்பாயின்ட்மென்ட். பக்கத்தில் கௌதம் நகரில் ரூம் போட்டிருக்கிறோம். ஜி20 நாட்டுத் தலைவர்கள் மாநாட்டுக்காக ஆட்டோ, டாக்ஸியை நிறுத்திவிட்டார்களாம். 'ஜோன் பாஸ்' இல்லாமல் ஸ்டேஷனை விட்டே வெளியே வர முடியாது, மூன்று பேருக்கு 4,500 ரூபாய் என்று டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் சொல்கிறார். கட்டிவிடலாமா?
- ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: கட்டாதீர்கள், சகோதரி. ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்கு அப்படி ஒரு பாஸே கிடையாது. கொரோனா காலத்தில், 2020-ல், வாளையார் எல்லைச் சோதனைச் சாவடியில் நாம் பட்ட பாடு நினைவிருக்கும். கேரள அரசின் ஜாக்ரதா இணையதளத்தில் ஒரு பைசா செலவில்லாமல் கிடைத்த பாஸுக்கு என் பெரியம்மா மகன் 500 ரூபாய் கொடுத்துவிட்டு வந்து நின்றான். எல்லையில் இருக்கிற நமக்கு 'பாஸ்' என்று காதில் விழுந்தாலே கை பர்ஸுக்குப் போய்விடுகிறது. அது இந்த ஆட்களுக்கு நன்றாகத் தெரியும்.

லாக்டவுன் எதுவும் இல்லை என்று டெல்லி போலீஸே சொல்லியிருக்கிறது. மாநாடு நடப்பது பிரகதி மைதானத்தில் உள்ள பாரத் மண்டபத்தில். அதைச் சுற்றியுள்ள நியூ டெல்லி மாவட்டத்துக்குள் மட்டும் சனிக்கிழமை காலை 5 மணி முதல் ஞாயிறு நள்ளிரவு வரை ஆட்டோ, டாக்ஸிக்குக் கட்டுப்பாடு. அதிலும் அங்கே குடியிருப்பவர்கள், ஓட்டல் புக்கிங் உள்ளவர்கள், டிக்கெட்டோடு ஸ்டேஷனுக்கோ ஏர்போர்ட்டுக்கோ போகிறவர்கள், அவசர சிகிச்சைக்குப் போகிறவர்கள் எல்லோரையும் விடுகிறார்கள். எய்ம்ஸும் கௌதம் நகரும் தெற்கு டெல்லியில், அந்தக் கட்டுப்பாட்டுக்கு வெளியே.

உங்களுக்கு டாக்ஸியே தேவையில்லை. நியூ டெல்லி ஸ்டேஷனில் இறங்கியதும் அஜ்மீரி கேட் பக்கம், அதாவது 16-ம் பிளாட்பாரம் இருக்கும் பக்கமாக வெளியே வாருங்கள். மெட்ரோ அங்கேதான். எதிர்ப்பக்கம் பஹாட்கஞ்ச். ஸ்டேஷன் வாசலில் ஒருவர் வந்து "மெட்ரோ பந்த் ஹை" (மெட்ரோ மூடியிருக்கிறது) என்று அக்கறையாகச் சொல்வார், நின்று பேசாமல் நடந்துகொண்டே இருங்கள். மெட்ரோ ஓடுகிறது. 8 முதல் 10 வரை மூன்று நாளும் விடிகாலை 4 மணிக்கே தொடங்குகிறது. மாநாட்டு அரங்கை ஒட்டிய சுப்ரீம் கோர்ட் ஸ்டேஷனைத்தான் மூடுகிறார்கள், அது நீலக் கோட்டில் இருக்கிறது.

நீங்கள் ஏற வேண்டியது மஞ்சள் கோடு, குருகிராம் பக்கம் போகும் வண்டி. பலகையில் குதுப் மினார் என்று போட்டிருந்தாலும் ஏறலாம், அதுவும் எய்ம்ஸைத் தாண்டித்தான் போகும். எட்டாவது ஸ்டேஷன் எய்ம்ஸ், ஒன்பதாவது கிரீன் பார்க். கௌதம் நகருக்கு கிரீன் பார்க்கில் இறங்குவது சௌகரியம். வண்டி மாற வேண்டியதில்லை, ஆளுக்கு 30 ரூபாய்தான் (2023 கட்டணம்). அப்பாவுக்கு நடக்க முடியாவிட்டால் மெட்ரோ ஊழியரிடம் வீல்சேர் கேளுங்கள், லிஃப்ட் இருக்கிறது. ஒருவருக்கு 25 கிலோ வரைதான் பெட்டி. தேங்காய் எண்ணெய் டின், ஊறுகாய் ஜாடி எல்லாம் இந்தத் தடவை வேண்டாம். தலைவர்களின் கார்கள் போகும்போது சில ஸ்டேஷன் வாசல்களைப் பத்து நிமிடம் போல மூடுவார்கள், பதற வேண்டாம்.

ரயிலை டெல்லியிலேயே இருக்கும் நிஜாமுதீன் ஸ்டேஷனோடு நிறுத்திவிட்டாலும் கவலையில்லை. அங்கிருந்து மெட்ரோவின் பிங்க் கோட்டில் ஐந்தாவது ஸ்டேஷன் ஐ.என்.ஏ., அங்கே மஞ்சள் கோட்டுக்கு மாறினால் அடுத்ததே எய்ம்ஸ்.

சரி, இப்போது உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். இந்த மாநாட்டுக்காக 200-க்கும் மேற்பட்ட ரயில்களை ரத்து செய்திருக்கிறார்கள். பெரும்பாலும் டெல்லியைச் சுற்றி ஓடும் குறுந்தூர வண்டிகள்தான். ஆனால் நீண்ட தூர வண்டிகளிலும் சிலவற்றைத் திருப்பிவிடுகிறார்கள், சிலவற்றைப் பாதியில் நிறுத்துகிறார்கள். அந்தத் தகவல் எஸ்.எம்.எஸ்.ஸாக யாருக்கு வரும்? டிக்கெட்டில் உள்ள போன் நம்பருக்கு. ரிசர்வேஷன் கவுன்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்தவன் நான். ஒரே போன் நம்பரோடு ஒரே நாளில் பத்து ஃபாரம் வரும், பத்தும் பத்துக் குடும்பங்களுடையது. நம்பர் மட்டும் ஏஜென்டுடையது. வண்டி ரத்தானது தெரியாமல், மூட்டை முடிச்சோடு பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்த குடும்பங்களை எழுப்பி நானே சொல்லியிருக்கிறேன்.

பணமும் அப்படித்தான். ரயில்வே வண்டியை ரத்து செய்தால் இ-டிக்கெட்டுக்கு முழுப் பணமும் தானாகத் திரும்பும், நீங்கள் கேன்சல் செய்யக்கூடத் தேவையில்லை. ஆனால் டிக்கெட் எடுத்த கணக்குக்குத்தான் திரும்பும். பதிவு பெற்ற ஏஜென்ட் எடுத்திருந்தால் பயணியின் போனுக்கு ஓ.டி.பி. வரும், அதைச் சொன்னால்தான் பணத்தை அவர் உங்களிடம் தர வேண்டும். அந்த இடத்தில் அவர் நம்பரே இருந்தால், ஓ.டி.பி.யும் அவருக்கு, பணமும் அவருக்கு. இன்னும் மோசமான ஒன்று உண்டு: சிலர் தங்கள் சொந்த ஐ.டி.யில் டிக்கெட் எடுத்து விற்கிறார்கள். அது ரயில்வே சட்டம் 143-ம் பிரிவின்படி குற்றம், மூன்று வருஷம் வரை சிறை. டிக்கெட் பிரிண்டில் ஏஜென்டின் விவரமே இல்லாமல், உங்களிடம் மட்டும் சர்வீஸ் சார்ஜ் வாங்கியிருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. கவுன்டர் டிக்கெட் என்றால் இந்தத் தொல்லை இல்லை, மூன்று நாளுக்குள் அதைக் கவுன்டரில் கொடுத்து முழுப் பணமும் வாங்கலாம்.

இத்தனையையும் ஒரு சாதாரணப் பயணி எங்கே போய்த் தெரிந்துகொள்வார்? வண்டிப் பட்டியல் ஆங்கிலத்தில், போலீஸ் அறிவிப்பு ஆங்கிலத்திலும் இந்தியிலும். தமிழும் மலையாளமும் படிக்கிற கொழிஞ்சாம்பாறைக்காரருக்கு ஒரு வரி இல்லை. அந்த இடைவெளியில்தான் 4,500 ரூபாய் பாஸ் முளைக்கிறது. எனக்கு இதில் ஏஜென்டைவிட ரயில்வே மேல்தான் கோபம் அதிகம்.

இன்றைக்கே உங்கள் டிக்கெட்டில் யார் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். வியாழன் காலையிலும், வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பும் ரயில்வே விசாரணை எண் 139-க்கு நீங்களே போன் செய்து, வண்டி எண் 12625 எதுவரை போகிறது என்று கேளுங்கள். அப்புறம், மத்திய அரசு அலுவலகங்களுக்கு டெல்லியில் 8 முதல் 10 வரை விடுமுறை. உங்கள் அப்பாயின்ட்மென்ட் 11-ம் தேதி என்பதால் பாதிக்காது என்றாலும், அது அப்படியே நிற்கிறதா என்று புறப்படும் முன் எய்ம்ஸில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாயின்ட்மென்ட் சீட்டு, அப்பாவின் ஆதார், பழைய ரிப்போர்ட் மூன்றையும் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். வழியில் போலீஸ் நிறுத்தினால் அந்தச் சீட்டைக் காட்டினால் போதும்.