முன்பின் தெரியாதவர் ரத்தம் கையில் பட்டுவிட்டது, எச்.ஐ.வி. வருமா?

கேள்வி: ஐந்து நாட்களுக்கு முன் திண்டிவனம் பைபாஸில் பைக்கிலிருந்து விழுந்து கிடந்தவரைத் தூக்கி 108 ஆம்புலன்ஸில் ஏற்றினேன். இரண்டு கையிலும் அவர் ரத்தம். என் ஆள்காட்டி விரலில் பொருக்குத் தட்டிய கீறல் ஒன்று இருந்தது. எச்.ஐ.வி. வருமா? எட்டு மாதக் குழந்தையைத் தூக்கவே பயமாக இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர், அடிபட்டவரின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துத் தர 5,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் போய்க் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுங்கள். தொடுவதால், முத்தம் கொடுப்பதால் எச்.ஐ.வி. பரவாது.

காயமில்லாத தோல் வழியாக அந்தக் கிருமி உள்ளே போகாது. அன்று கை கழுவும்போது சோப்பு பட்டு அந்தக் கீறல் எரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அது மூடிய காயம். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி தவறிக் குத்திய ஆஸ்பத்திரி ஊழியர்களிலேயே, மருந்து எடுக்காதபோது, தொற்று வருவது ஏறக்குறைய ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான். உங்கள் நிலை அதற்குப் பக்கத்தில்கூட வராது.

அந்த ரிப்போர்ட் ஆள் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இவர்களைப் பல வருடமாகப் பார்க்கிறேன். ஒருவருடைய எச்.ஐ.வி. முடிவை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு யாரோ ஒருவர் பேப்பரைக் காட்டினாலும், அது அவருடையதுதான் என்று யார் சொல்வது? "நெகட்டிவ்" என்றே இருந்தாலும், தொற்று புதிதாக வந்தவருக்குச் சில வாரம் அப்படித்தான் காட்டும். அடுத்து இதே ஆள் உங்களை ஒரு லேபுக்கு அனுப்பி, பெரிய பெரிய பேர் சொல்லி ஒரு பேக்கேஜ் எடுக்க வைப்பார், அதிலும் அவருக்குக் கமிஷன். ஐந்தாம் நாளில் எடுக்கும் எந்த டெஸ்டும் அன்றைய சம்பவத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

மனசு கேட்கவில்லையென்றால் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். டெஸ்ட் இலவசம், விவரம் வெளியே போகாது. இப்போது ஒன்று (இது முன்பே தொற்று இருந்ததா என்று பார்க்க மட்டும்), ஆறு வாரத்தில் ஒன்று, மூன்று மாதத்தில் ஒன்று. வழியில் சந்தேகம் வந்தால் 1097க்குப் பேசலாம், கட்டணமில்லை.

ஊசி குத்தியிருந்தாலோ, கண்ணில் ரத்தம் தெறித்திருந்தாலோ கதை வேறு. 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், தடுப்பு மாத்திரை தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை காஷுவாலிட்டியில் 24 மணி நேரமும் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் ராத்திரி போனவரை "காலையில் ஏ.ஆர்.டி. சென்டர் (எச்.ஐ.வி. மருந்து தரும் மையம்) திறக்கட்டும்" என்று திருப்பி அனுப்பிய இடங்கள் எனக்குத் தெரியும். மணிக்கணக்கில் ஓடும் கெடுவுக்கு இப்படிப் பதில் சொல்வதை என்னால் பொறுக்க முடியவில்லை. உங்களுக்கு அந்த மாத்திரை தேவையில்லை. மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடவும் வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி. இது எச்.ஐ.வி.யை விட எளிதாகத் தொற்றும். காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும். கீறல் லேசாக வாய் திறந்திருந்தாலும் போதும். அதனால் இதை மட்டும் "பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள். உங்கள் குழந்தைக்கு 6, 10, 14 வாரத்தில் போட்ட பென்டாவேலன்ட் ஊசியில் இதற்கான மருந்து இருக்கிறது. உங்கள் வயதில் பெரும்பாலானோர் போட்டிருக்க மாட்டார்கள், நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு வந்ததே 2011 வாக்கில்தான். நாளைக்கே முதல் ஊசி போடுங்கள். ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. முன்பே முழுசாகப் போட்டவர் என்றால் கார்டை டாக்டரிடம் காட்டுங்கள். கூடவே இம்யூனோகுளோபுலின் (உடனடிப் பாதுகாப்புக்கு, தயார் நிலையில் எதிர்ப்புப் பொருள் தரும் ஊசி) வேண்டுமா என்றும் கேளுங்கள், அதற்கும் ஏழு நாள்தான் கெடு, உங்களுக்கு இரண்டு நாள் மிச்சம். "பெரியவர்களுக்கு ஸ்டாக் இல்லை" என்று அரசு ஆஸ்பத்திரியில் சொன்னால் அங்கே நின்று வாதாடி நேரத்தை விடாதீர்கள். வெளியே போட்டுக்கொண்டு அப்புறம் புகார் எழுதுங்கள், நானும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி கிடையாது. மூன்றாவது மாதப் பரிசோதனையோடு அதையும் பார்த்துவிடலாம்.

ரத்த தானம் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். எப்போது தரலாம் என்பதை ரத்த வங்கியில் நடந்ததைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.