ஆற்று வாளை எங்கே வாழும்? வேலூரில் தொட்டியில் உயிரோடு விற்பது அதுதானா?

பெரும்பாலும் இல்லை. வாளைக்குக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு கிடையாது. தண்ணீரை விட்டு எடுத்தால் விரைவில் இறந்துவிடும். கலங்கிய தொட்டியில் மணிக்கணக்கில் நெளிவது பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கெளுத்தி. அதை வளர்க்க நம் நாட்டில் தடை இருக்கிறது, ஆனாலும் விற்கிறார்கள்!

மீசையை எண்ணிப் பாருங்கள். வாளைக்கு இரண்டு ஜோடி, ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு நான்கு ஜோடி. வாளையின் முதுகுத் துடுப்பு மிகச் சிறியது; அடித்துடுப்போ வால்வரை நீளும். செதில் கிடையாது. வாய்ப்பிளவு கண்ணையும் தாண்டிப் போகும். பகலில் கரையோரப் பொந்துகளில் பதுங்கி, இரவில் மற்ற மீன்களை வேட்டையாடும். பசித்தால் குஞ்சுகள் ஒன்றையொன்று தின்றுவிடும். பண்ணையில் வளர்ப்பது கடினமாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. முள் குறைவு, குழம்புக்கு அருமை.

மழைக்காலப் புதுவெள்ளத்தில்தான் முட்டையிடும். ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் பாலாறு அதற்குப் போதாது. காவேரிப்பாக்கம் ஏரி போன்ற பெரிய நீர்நிலைகளின் ஆழம்தான் ஏற்றது. உலக அளவில் இது அழியும் வாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. மழைக்காலத்தில் சினை மீன் வலையில் விழுந்தால் விட்டுவிடுவதே நல்லது.