நாங்க கடலூர், எங்க வீட்டு மாடியில என் கணவரோட அண்ணன் தினமும் குடிக்கிறார். குடிக்கு ரீஹாப் சென்டர்ல சிகிச்சை முடிச்ச என் கணவரை நேரா வீட்டுக்குக் கூட்டிட்டு வராம சோபர் லிவிங் வீட்ல சில மாசம் விடச் சொல்றாங்க, அது தேவையா?

சோபர் லிவிங்னா குடியை விட்டவங்க சேர்ந்து தங்கி, வேலைக்குப் போய்ட்டு வர்ற வீடு. இடம் நல்லதா இருந்து அவருக்கும் சம்மதம்னா தாராளமா விடுங்க. ஊர் கடலூர்னு போட்டிருக்கீங்க, அதனால இன்னும் அழுத்தியே சொல்றேன். நாங்களும் மஞ்சக்குப்பம்தான், என் தம்பி குடியிலேர்ந்து வெளிய வந்தது இந்த வழியிலதான்.

சென்டர்ல ஒருத்தர் ஒரு மாசம் குடிக்காம இருக்கார்னா அங்க கையில காசு இல்ல, செல் இல்ல, சம்பள நாள் இல்ல, மச்சான் கல்யாணம் இல்ல. உடம்புலேர்ந்து சரக்கு இறங்க ஒரு வாரம் பத்து நாள் போதும், கை நடுக்கம் நின்னுடும், சோறு இறங்கும், முகம் தெளிஞ்சிடும், பாக்கற நமக்கு ஆள் குணமாயிட்டார்னே தோணும். ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன பண்றது, ராத்திரி தூக்கம் வரலன்னா என்ன பண்றது, கூலிய கையில வாங்கினதும் கால் எந்தப் பக்கம் போகுது, இதையெல்லாம் அவர் குடி இல்லாம இன்னும் பழகவே இல்லையே. புடுங்கி நட்ட நாத்து பச்சை புடிக்கிற வரைக்கும் வயலைப் பாத்துக்கிட்டே இருப்பாங்கல்ல, அந்த நேரம் இது.

நம்ம ஊர்ல இது இன்னும் கஷ்டம். டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத்தான் தொறக்கும், ஆனா பாண்டி பஸ்ஸுல ஏறி ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடையில இறங்கினா அது பாண்டி எல்லை, விலையும் கம்மி. என் தம்பி இருந்த வீடும் பாண்டியிலயேதான், லாஸ்பேட்டை பக்கம். அவ்ளோ கடைக்கு நடுவுல எப்படின்னு அம்மா பயந்தாங்க. கடையே இல்லாத ஊரை எங்க போய்த் தேடறது, கடைய தாண்டி தினமும் வேலைக்குப் போய்ட்டு குடிக்காம திரும்பி வர்ற நாலு பேர் கூட அவன் இருந்தான், அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

இந்த ஏற்பாடு எங்கேர்ந்து வந்ததுன்னு தெரிஞ்சிக்கறது நல்லது. அமெரிக்காவுல மேரிலாண்ட்ல 1975ல ஒரு ஹாஃப்வே ஹோமை, அதாவது சிகிச்சைக்கும் வீட்டுக்கும் நடுவுல தங்கற இடத்தை, மூடப்போறோம்னு சொன்னப்ப அங்க தங்கியிருந்தவங்களே, அதுல பால் மல்லாய்னு ஒருத்தர், வாடகைக்கு அந்த வீட்டை எடுத்து தாங்களே நடத்த ஆரம்பிச்சாங்க. ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸ்னு பேர். வார்டன் கிடையாது, டாக்டர் கிடையாது, ஓட்டுப் போட்டு முடிவு எடுப்பாங்க, செலவை அவங்களே பங்கு போட்டுக்குவாங்க, மறுபடி குடிச்சா வீட்டை விட்டுப் போயிடணும், அவ்வளவுதான் சட்டம். ஒழுங்கா இருக்கற வரைக்கும் எத்தனை நாள் வேணாலும் இருக்கலாம். இது வேலை செய்யுதான்னு ஒரு ஆராய்ச்சி பண்ணி 2006ல வெளியிட்டாங்க, சிகிச்சை முடிச்ச 150 பேர்ல பாதிப் பேரை இந்த வீடுகளுக்கும் மீதிப் பேரை வழக்கம்போலவும் அனுப்பிப் பாத்தாங்க, 2 வருஷம் கழிச்சு மறுபடி குடியோ போதையோ எடுத்தவங்க வழக்கமான பக்கம் கிட்டத்தட்ட 65 சதவீதம், இந்த வீட்டுப் பக்கம் 31.

நம்ம பக்கம் இது பெரும்பாலும் போர்டு மாட்டின இடமா இருக்காது. ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவங்க கூடிப் பேசற குழு) மீட்டிங்ல பழக்கமானவங்க சேர்ந்து ஒரு வீடு எடுத்திருப்பாங்க, இல்லன்னா சிகிச்சை குடுத்த சென்டரே பக்கத்துல ஒண்ணு வச்சிருக்கும். தம்பி இருந்த வீட்ல வாடகை பங்கு, சமையல் முறை வச்சு, சாயங்காலம் மீட்டிங், சும்மா படுத்திருக்கக் கூடாது, ஏதாவது வேலைக்குப் போயே ஆகணும். அவன் முதல் சம்பளம் வாங்கின அன்னிக்கு அந்த வீட்ல மூத்தவர் ஒருத்தர் அவன் வேலை முடியற நேரத்துக்கு கேட்டுலயே வந்து நின்னார், அங்கயே அம்மாவுக்கு ஜிபே பண்ண வச்சு, வர்ற வழியில மீன் வாங்கிட்டு ரெண்டு பேரும் வீடு வந்து சேர்ந்தாங்க. இதை நானோ அம்மாவோ பண்ணியிருந்தா அவனுக்கு அது வேவு பாக்கற மாதிரி இருந்திருக்கும். அவர் குடிச்சு நிறுத்தினவர், அவர் சொன்னா கேட்டுக்கிட்டான்.

அந்த மாசங்கள் வீட்ல இருக்கற நமக்கும் வேணும், இதை யாரும் சொல்றதில்ல. அவன் கிட்ட வந்தாலே அம்மா மூச்சை மோந்து பாப்பாங்க, கேட் சத்தம் கேட்டா எல்லாருக்கும் நெஞ்சு அடிக்கும், பத்து வருஷத்துப் பழக்கம் அது. குடிச்சவங்களுக்கு ஏஏ மாதிரி குடும்பத்துக்கு அல்-அனான்னு ஒண்ணு இருக்கு, அங்க போய் பேசினதுக்கு அப்பறம்தான் அம்மா நிம்மதியா தூங்கினாங்க. பொண்டாட்டி புருஷனை வெளிய தள்ளிட்டான்னு சொந்தக்காரங்க உங்களைப் பேசுவாங்க, பேசட்டும், ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் பாத்துட்டு வாங்க.

இப்ப முக்கியமானது. சாவி யார் கையில இருக்குன்னு பாருங்க. வெளிய பூட்டு போட்டு, செல்லைப் புடுங்கி வச்சுக்கிட்டு, அடிச்சுத் திருத்தறோம்னு சொல்ற இடம் எதுவா இருந்தாலும் அது சோபர் லிவிங் இல்ல. மனநல சிகிச்சைச் சட்டம் 2017ல குடி போதையால வர்ற மனநலப் பிரச்சனையும் அடக்கம், அதுக்காக ஆளைத் தங்க வச்சு சிகிச்சை குடுக்கற இடம்னா மாநில மனநல ஆணையத்துல பதிஞ்சிருக்கணும், சர்டிபிகேட் கேளுங்க. சோபர் வீட்ல சிகிச்சையே கிடையாது, கதவு உள்ளேர்ந்து தொறக்கும், அவரா போகலாம் அவரா வரலாம்.

ஸ்லிப் ஆனா, அதாவது மறுபடி குடிச்சிட்டா, என்ன பண்ணுவீங்கன்னும் அந்த வீட்ல கேளுங்க. வெளிய அனுப்பறது சரிதான், ஆனா ராத்திரில ரோட்ல விடறது சரியில்ல. நாள் கணக்குல குடிச்சிட்டு திடீர்னு நிறுத்தினா ஒண்ணு ரெண்டு நாள்லயே வலிப்பு வரலாம், அப்பறம் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் தெரியும், உயிருக்கே ஆபத்து, அதனால நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு உங்களுக்கு போன் பண்ணுவோம்னு சொல்லணும். பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல குடிக்கு சிகிச்சை பாக்கறாங்க. அவருக்கு மாத்திரை எழுதியிருந்தா அதை நிறுத்தாம போட்டுக்க விடறாங்களான்னும் பாத்துக்கோங்க, சில இடத்துல மாத்திரையும் போதைதான்னு தப்பா சொல்லி நிறுத்திடுவாங்க.

எல்லாருக்கும் இது கட்டாயம்னு சொல்லல. வீட்ல வேற யாரும் குடிக்கலை, போக ஒரு வேலை இருக்கு, பக்கத்துல மீட்டிங் இருக்கு, அவரும் போறார்னா வீட்டுக்கே வரலாம். உங்க வீட்டு மாடியில அவர் அண்ணன் தினமும் குடிக்கிறார்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதைப் படிச்சதும்தான் விடுங்கன்னு சொன்னேன்.

டாக்டர் கிட்ட அந்த வீட்டோட அட்ரஸ் வாங்கி சாயங்காலம் ஆறுலேர்ந்து எட்டுக்குள்ள போய் பாருங்க, காலையில போனா எல்லாரும் வேலைக்குப் போயிருப்பாங்க, ஒண்ணும் தெரியாது. உங்க கணவர் வயசுல இருக்கற ஒருத்தர்கிட்ட தனியா அஞ்சு நிமிஷம் பேசுங்க. வேற இடம் தேடணும்னா 14446, போதை மீட்புக்கான அரசு ஹெல்ப்லைன், காசு கிடையாது.