இருபது வருஷமாக ஒரே பிராண்டு கார்தான். இப்போது அது வேறு நாட்டில், வேறு கம்பெனி இன்ஜினோடு வருகிறது. இனியும் அதையே வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் லோகோவை நம்பி வாங்காதீர்கள். இன்ஜின் குறியீடு என்ன, கியர்பாக்ஸ் யாருடையது, எந்த ஆலையில் பூட்டியது, அந்த மாடல் வந்து எத்தனையாவது வருஷம், அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். காரின் ஆயுளைத் தீர்மானிப்பவை இவைதான். பேட்ஜ் கடைசியில் இரண்டு கிளிப்பில் மாட்டுகிற பிளாஸ்டிக்.

"அந்த நாட்டில் செய்தால் தரம் இருக்காது" என்ற கவலையை முதலில் தீர்த்துவிடுவோம். அதற்கு நல்ல சாட்சி கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலை. ஜெனரல் மோட்டார்ஸ் அதை 1982-இல் இழுத்து மூடியது. வேலைக்கு வராதவர்கள், சண்டை, கோணலாகப் பூட்டிய வண்டிகள் என்று அதற்கு இருந்த பெயர் அப்படி. 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் நும்மி என்ற கூட்டு நிறுவனமாக அதே ஆலையைத் திறந்தன. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள். முக்கியமாக மாறியது வேலை முறைதான்: தப்பு கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம், தப்பு அடுத்த இடத்துக்குப் போகக் கூடாது. சீக்கிரமே அங்கிருந்து வந்த வண்டிகளின் தரம் ஜப்பானிய ஆலைகளுக்கு அருகில் வந்துவிட்டது.

அந்த ஆலையில் ஒரே லைனில் டொயோட்டா கரோலாவும், ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற ஜியோ பிரிஸ்மும் இறங்கின. அடிப்படையில் ஒரே கார், பேட்ஜ் வேறு. ஆனால் செகண்ட் ஹேண்ட் சந்தையில் பிரிஸ்ம் கரோலாவைவிடக் குறைவாகவே போனது. விஷயம் தெரிந்தவர்கள் பிரிஸ்மைத் தேடிப்பிடித்து வாங்கினார்கள். பிராண்டு விசுவாசத்துக்கு நாம் தனியாகக் கட்டுகிற வரி எவ்வளவு என்று பார்க்க இதைவிடச் சுத்தமான சோதனை கிடைப்பது கஷ்டம்.

இன்றைக்கு அந்தக் கலப்பு இன்னும் முற்றிவிட்டது. 2019-இல் வந்த டொயோட்டா சுப்ரா ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், மேக்னா ஷ்டையர் ஆலையில், பிஎம்டபிள்யூ இசட்4 காரோடு சேர்ந்து தயாரானது. இன்ஜின் பிஎம்டபிள்யூவின் பி58, கியர்பாக்ஸ் ஜெர்மனியின் இசட்எஃப். டொயோட்டா 86-ஐப் பூட்டுவது சுபாரு. செக் நாட்டின் கோலின் ஆலையில் 2005 முதல் டொயோட்டா அய்கோ, பெஜோ 107, சிட்ரோயன் சி1 மூன்றும் ஒரே அச்சில் வந்தன. ரெனோவின் கே9கே என்ற 1.5 லிட்டர் டீசல் இன்ஜின் டேசியா, நிசான் வண்டிகளில் ஓடியது. ஓஎம்607 என்ற பெயரில் மெர்சிடீஸ் ஏ-கிளாஸிலும் ஓடியது. மூன்று கம்பெனிக்காரர்களும் தங்கள் இன்ஜின்தான் ஒசத்தி என்று சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கலாம்!

உங்கள் வண்டி எங்கே பூட்டியது என்று பார்க்க முதல் இடம் சேஸி நம்பர். முன்கண்ணாடியின் கீழ் மூலையிலும் டிரைவர் கதவுத் தூணில் இருக்கும் ஸ்டிக்கரிலும் 17 இடங்கள் கொண்ட வரி இருக்கும். எண்ணோடு குழம்பக் கூடாது என்பதால் ஐ, ஓ, கியூ ஆகிய எழுத்துகள் அதில் வராது. முதல் எழுத்து ஜே என்றால் ஜப்பான், கே கொரியா, எல் சீனா, டபிள்யூ ஜெர்மனி, இசட் இத்தாலி. 1, 4, 5 அமெரிக்கா, 2 கனடா, 3 மெக்சிகோ. அமெரிக்க முறையில் பத்தாவது இடம் மாடல் வருஷம், பதினொன்றாவது இடம் ஆலை.

இதில் ஒரு பொறி உண்டு. முதல் மூன்று எழுத்துகள் தயாரிப்பாளரைக் குறிப்பவை. அவை வண்டி பிறந்த ஊரைக் காட்டும் என்று எப்போதும் சொல்ல முடியாது. ஸ்பெயினின் பாம்ப்லோனாவில் பூட்டிய போலோவுக்கும் எண் ஜெர்மானிய டபிள்யூவில்தான் தொடங்கும். சுப்ராவின் எண்ணும் டபிள்யூதான்: ஜப்பானியப் பெயர், ஜெர்மானிய எண், ஆஸ்திரியப் பிறப்பு. ஆகவே முதல் எழுத்தோடு நிறுத்தாமல் பதினொன்றாவது எழுத்தையும் குறித்துக்கொண்டு, அந்த பிராண்டின் ஆலைக் குறியீட்டுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

உதிரிபாகங்களின் ஜாதகம் பானெட்டுக்கு அடியில் இருக்கிறது. பெரிய பிளாஸ்டிக் பாகம் எதையாவது திருப்பிப் பாருங்கள். கடிகார முகம் மாதிரி சின்ன வட்டம், சுற்றி 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் ஓர் அம்பு, அம்பின் இருபுறமும் வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கம். அம்பு காட்டுவது அச்சு வார்த்த மாதம். வண்டி தயாரான தேதிக்கு ஒரு வருஷம் பிந்திய அம்பு ஹெட்லைட்டின் பின்பக்கம் இருந்தால் விளக்கு மாற்றப்பட்டிருக்கிறது. ஏன் என்று விற்பவரைக் கேளுங்கள். அதே பாகத்தில் பிஏ66-ஜிஎஃப்30 என்பது போன்ற குறி இருந்தால், 30 சதவீதம் கண்ணாடி இழை சேர்த்த நைலான் என்று அர்த்தம். தெர்மோஸ்டாட் கூடு, ரேடியேட்டர் பக்கத் தொட்டி போன்றவை இந்த வகைதான். பல வருஷம் சூடாகி ஆறி ஆறி, கடைசியில் தையல் ஓரத்தில் வெடிப்பு விடும். இது எந்த பேட்ஜுக்கும் பொது.

சில சஸ்பென்ஷன் ஆர்ம்களைக் கடையில் வாங்கினால் ஓரிடத்தில் மட்டும் உலோகம் புதிதாகச் சுரண்டியிருக்கும். அங்கேதான் கார் கம்பெனியின் லோகோ இருந்தது. அதே சப்ளையர், அதே அச்சு. தன் சொந்தப் பெட்டியில் விற்பதற்காக லோகோவை மட்டும் மழித்துவிட்டார்கள்.

கியர்பாக்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பிராண்டு விசுவாசம் பர்ஸைக் கடிப்பது அதிகமும் இங்கேதான். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைச் சொந்தமாகச் செய்கிற கார் கம்பெனிகள் குறைவு. இசட்எஃப் 8ஹெச்பி என்ற எட்டு கியர் பெட்டி 2009 முதல் பிஎம்டபிள்யூ, ஆடி, ஜாகுவார், லேண்ட் ரோவர், பென்ட்லி வரை ஓடுகிறது. ஜீப்பும் ராம் என்ற அமெரிக்க பிக்கப் பிராண்டும் அதே வடிவமைப்பை உரிமம் வாங்கிச் சொந்தமாகவும் செய்கின்றன. ஜப்பானின் ஐசின் பெட்டிகள் டொயோட்டாவோடு வோல்வோ, பெஜோ, மினி வண்டிகளிலும் இருக்கின்றன. ஜாட்கோவின் ஜேஎஃப்011இ என்ற சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) நிசான், மிட்சுபிஷி, ரெனோ, ஜீப் என்று நாலு வீட்டிலும் வேலை செய்தது. ஒருவர் வீட்டில் சூடேறி இழுவை குறைந்தால், மற்றவர் வீட்டிலும் அது நடக்கும் என்று எதிர்பார்க்கலாம். எனவே ஒரு மாடலின் குறைகளைத் தேடும்போது மாடல் பெயரால் தேடாமல் கியர்பாக்ஸ் குறியீட்டால் தேடுங்கள். நாலு மடங்கு ஆட்களின் அனுபவம் கிடைக்கும்.

8ஹெச்பி உள்ள பல வண்டிகளின் கையேட்டில் "ஆயுளுக்கும் ஒரே ஆயில்" என்று இருக்கும். பெட்டியைச் செய்த இசட்எஃப் சொல்வது வேறு: 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருஷத்துக்குள் மாற்று. இந்த இடத்தில் பெட்டி செய்தவன் பேச்சைக் கேட்பதே புத்தி. கார் கம்பெனியின் 'ஆயுள்' வாரண்டியோடு முடிந்துவிடுகிறது. பெரும்பாலான வண்டிகளில் அடித்தட்டு பிளாஸ்டிக்; ஃபில்டரும் காந்தங்களும் அதோடு ஒட்டியே வரும், எனவே தட்டையே முழுசாக மாற்ற வேண்டும். போல்ட்டுகளும் புதிதாகப் போட வேண்டும். பிறகு வண்டியைச் சமமாக நிறுத்தி, இன்ஜின் ஓட, ஒவ்வொரு கியரிலும் சில வினாடி வைத்து, பெட்டியின் ஆயில் 30 முதல் 50 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்போது நிரப்பும் துளை வழியே மெலிதாக வழியும் வரை ஊற்றி மூட வேண்டும். தப்பு நடப்பது இங்கேதான். ஸ்கேனர் வைத்துச் சூட்டைப் பார்க்காமல், ஆயில் கொதிக்கும்போது அளவு பார்த்து மூடிவிடுவார்கள். சூட்டில் ஆயில் விரிந்திருக்கும், வழிகிறதே என்று திருப்திப்படுவார்கள். ஆறியதும் அளவு குறைந்து, காலையில் முதல் கியர் உதறும். பழியைப் பெட்டியின் மேல் போடுவார்கள்.

இனி, பூட்டுத்தரம். ஷோரூமில் எல்லோரும் பார்ப்பது கதவு மூடும் சத்தம், டேஷ்போர்டின் மெத்து, பாடி இடைவெளி. கதவின் 'தொப்' சத்தம் பெரும்பாலும் உள்தகட்டில் ஒட்டிய தார்ப்பட்டை, ரப்பர் பீடிங், பூட்டு இந்த மூன்றின் வேலை. திட்டமிட்டு உண்டாக்குகிற சத்தம் அது. அதைக் கேட்டு மயங்க வேண்டாம். இடைவெளி கொஞ்சம் பயனுள்ள அளவுகோல். இன்றைய கார்களில் கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் 3.5 முதல் 4 மில்லிமீட்டர் சாதாரணம். ஒரு வங்கி அட்டையின் தடிமன் 0.76 மில்லிமீட்டர், ஐந்தைச் சேர்த்துப் பிடித்தால் 3.8. ஓரம் சுரண்டாமல் மெல்ல நுழைத்துப் பாருங்கள். இடைவெளி கூடவா குறைவா என்பதைவிட இடதும் வலதும் ஒன்றா, மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரியா என்பதுதான் முக்கியம். புது வண்டியிலேயே இடம் வலம் பொருந்தவில்லை என்றால், ஒன்று ஆலையின் வெல்டிங் சட்டம் விலகியிருக்கிறது, இல்லை வண்டி வரும் வழியில் அடிபட்டிருக்கிறது.

பெயிண்டின் தடிமனை அளக்கும் மீட்டர் வைத்திருந்தால் முதலில் கூரையில் வையுங்கள். கூரையை மறு பெயிண்ட் அடிப்பது அபூர்வம் என்பதால் அதுதான் அந்த வண்டியின் அசல் அளவு. ஆலைப் பெயிண்ட் பொதுவாக 80 முதல் 160 மைக்ரான். கூரை 110 காட்டி ஒரு கதவு மட்டும் 230 காட்டினால் அந்தக் கதவு மறுபடி அடிக்கப்பட்டது. 400, 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது. பம்பர் பிளாஸ்டிக், அதில் இந்த மீட்டர் வேலை செய்யாது. அலுமினிய பானெட்டுக்கு அதற்கான முறை உள்ள மீட்டர் வேண்டும்.

உண்மையான சிக்கனம் கண்ணுக்குப் படாத இடத்தில்தான் தெரியும். கதவின் அடிவிளிம்பில் வெளித்தகடு உள்தகட்டின் மேல் மடிந்திருக்கும் இடத்தில் விரலை ஓட்டுங்கள். சீலர் விட்டுவிட்டுப் போயிருந்தால் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். டிக்கி கம்பளத்தைத் தூக்கி ஒயர் கட்டைப் பாருங்கள். துணிநாடா சுற்றி ஒவ்வொரு கிளிப்பிலும் உட்கார்ந்திருந்தால் நல்லது. வெறும் பிவிசி டேப், தொங்கும் கனெக்டர் என்றால் நாலாவது வருஷம் கடகடவென்று சத்தத்தில் ஆரம்பித்து, விட்டு விட்டு வரும் எலக்ட்ரிகல் கோளாறில் போய் நிற்கும்.

நல்ல பூட்டுத்தரம் நல்ல வடிவமைப்பைக் குறிக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெஜோ, சிட்ரோயன், ஓப்பல் வண்டிகளில் வந்த 1.2 லிட்டர் பியூர்டெக் இன்ஜினின் டைமிங் பெல்ட் ஆயிலில் நனைந்தபடி ஓடும். ஆயிலில் பெட்ரோல் கலந்து பெல்ட் ஊறிப் பொடிந்தால், அந்தத் துகள் ஆயில் பம்பின் சல்லடையை அடைத்துவிடும். எவ்வளவு நேர்த்தியாகப் பூட்டினாலும் இது நடக்கும். 2017-இல் பெஜோ குழுமம் ஓப்பலை வாங்கியபின் "நான் எப்போதும் ஓப்பல்தான்" என்று அடுத்த கோர்சாவை எடுத்தவருக்கு வீட்டுக்கு வந்தது பெஜோ இன்ஜின். இந்த வகை இன்ஜின் இருந்தால் கையேட்டில் சொன்ன ஆயில் தரத்தை எழுத்துக்கு எழுத்து பாருங்கள், சொன்ன கெடுவுக்கு முன்பே மாற்றுங்கள், ஆயில் ஊற்றும் துளை வழியே பெல்ட் அகலத்தை அதற்கான அளவுக்கருவியால் ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

சப்ளையர் ஒருவரே என்றால் தப்பும் எல்லோருக்கும் ஒன்றாகவே வரும். டகாட்டா ஏர்பேக்கில் நடந்தது அதுதான். பையை ஊதவைப்பதற்காக உள்ளே வைத்த, ஈரம் உறிஞ்சியைச் சேர்க்காத அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரத்திலும் வருஷக்கணக்கில் சிதைந்து, வெடிக்கும்போது அளவுக்கு மீறி வேகமாக எரிந்து, உலோகக் கூட்டையே சில்லாக்கியது. ஹோண்டா, டொயோட்டா, ஃபோர்டு, பிஎம்டபிள்யூ, ஃபெராரி எல்லாரும் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். 2017-இல் டகாட்டா திவாலானது. வருஷத்துக்கு ஒருமுறை சேஸி நம்பரைக் கம்பெனியின் திரும்ப அழைப்புப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு இது கட்டாயம். 2011 ஜப்பான் நிலநடுக்கத்தின்போது ஓனஹாமா ஊரில் இருந்த மெர்க் கம்பெனியின் ஒரே ஓர் ஆலை நின்றதால், பெயிண்டுக்கு மினுமினுப்பு தரும் சைராலிக் நிறமி இல்லாமல் ஃபோர்டும் கிரைஸ்லரும் சில நிறங்களுக்கு ஆர்டர் எடுப்பதையே கட்டுப்படுத்தின. அமெரிக்கக் கார் என்று நினைத்து வாங்குகிற வண்டியின் கருப்பு நிறம் ஜப்பானியக் கடலோரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

தர ஆய்வுகளை வைத்து முடிவெடுக்கப் போகிறீர்கள் என்றால், ஜே.டி. பவரின் ஆரம்பத் தர ஆய்வு முதல் 90 நாள் புகார்களை மட்டுமே எண்ணுகிறது. ஃபோன் இணையவில்லை என்பதும் அதில் ஒரு புகார்தான். மூன்று வருஷ வண்டிகளைப் பார்க்கும் நம்பகத்தன்மை ஆய்வு அதைவிடப் பயனுள்ளது. இரண்டிலும் பத்தாவது வருஷம் தெரியாது. புது மாடலின் முதல் வருஷ உற்பத்தியை விட்டுவிட்டு, இரண்டாவது, மூன்றாவது வருஷ வண்டியை எடுப்பது பழைய யோசனைதான் என்றாலும் இன்றும் பலிக்கிறது.

பழைய பிராண்டிலேயே நீடிக்க ஒரே வலுவான காரணம் சர்வீஸ். உங்கள் வண்டியின் கோளாறு எண்களை மனப்பாடமாகச் சொல்கிற மெக்கானிக்கும், சரியான ஸ்கேனரும், தட்டுப்பாடில்லாத ஸ்பேரும் இருந்தால், இன்ஜின் யாருடையதாக இருந்தால் என்ன. இதைச் சோதிக்க ஷோரூம் விற்பனையாளரிடம் பேச வேண்டாம். பின்பக்கம் ஸ்பேர் கவுண்டருக்குப் போய், வாங்க நினைக்கும் மாடலின் சேஸி நம்பரைக் கொடுத்து, முன் ஹெட்லைட், முன்கண்ணாடி, கியர்பாக்ஸ் கண்ட்ரோல் யூனிட் மூன்றும் எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேளுங்கள். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்து நாள் கணக்குச் சொன்னால் புக் பண்ணுங்கள். "வந்ததும் சொல்றேன் சார்" என்றால் அடுத்த கம்பெனியின் கவுண்டரிலும் இதே மூன்றைக் கேட்டுவிட்டு வாருங்கள்.